பிழைத்தவர் வீடு

எழுபத்து மூன்றாம் ஆண்டு, பிரிஞ்சாங் என்ற மலை ஊருக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு நான் ஆசிரியையாக மாற்றலாகிப் போனேன். அங்கே ஊரையே சிரிக்க வைக்கிற மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் பக்கிரிசாமி. ஆலையில் கொழுந்தை உருட்டும் இயந்திரத்தில் அவருக்கு வேலை. சம்பள நாளில் வரிசையில் நின்றபடியே தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி நடக்கிற மாதிரி நடந்து காட்டுவார். பார்த்துக்கொண்டிருக்கும் கிராணிக்கே சிரிப்பு வந்துவிடும். அவர் மனைவி அம்சவல்லி கொழுந்து பறிக்கிறவள். அவள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த வாயால் ஒரு நாள் வேலை போகப்போகிறது என்று திட்டுவாள். அந்த வாய்க்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டதாக ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னாள்.

ஒரே மகள் நளினி என் வகுப்பில் படித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஆறாம் வகுப்பு முடிந்ததும் தானா ராத்தாவில் இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று நான் பெற்றோரிடம் சொல்லியிருந்தேன். பக்கிரிசாமி அப்போதே மகளை 'கிராணியம்மா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

எழுபத்தைந்தில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், ஆலையில் வேலை செய்துகொண்டிருந்த பக்கிரிசாமி, இன்றைக்கு இயந்திரம் ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்டுக்கொண்டே கொழுந்துச் சாக்குகளின் மேல் உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலது கை தானாகத் தொங்கியது. கூட இருந்தவர்கள் அவர் யாரையோ நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். அது யார், நம்மை மேய்க்க வந்த புது மண்டோரா என்று ஒருவன் கேட்கவும் செய்தான். அவர் சாய்ந்து தரையில் விழுந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

தோட்டத்து லோரியில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் மலை இறங்கி ஈப்போ. மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருக்கலாம், தலையைத் திறக்கிற டாக்டர் கோலாலம்பூரில்தான் இருக்கிறார் என்று அங்கே சொன்னதும் மறுபடியும் பயணம். வழி நெடுக அம்சவல்லி கணவரின் தலையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலை வளைவுகளில் தலை ஆடினால் உள்ளே இன்னும் இரத்தம் கொட்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கோலாலம்பூரில் அவளிடம் பேசியவர் டாக்டர் சாம்பசிவம். சிரம்பானில் ஒரு ரயில்வே குமாஸ்தாவின் மகன். சீமையில் மூளை அறுவைச் சிகிச்சை படித்துவிட்டுத் திரும்பிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. மூளையில் இரத்தம் கசிந்து விழுகிறவர்களைக் கட்டிலில் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் அதுவரை வழக்கமாக இருந்தது. பாதிப் பேருக்கு மேல் செத்துப்போவார்கள். உறைந்த இரத்தம் மூளையை நசுக்குகிறது, அதைச் சீக்கிரம் திறந்து எடுத்துவிட்டால் ஆளைக் காப்பாற்றலாம் என்பது சாம்பசிவத்தின் எண்ணம். அதை ஆராய்ச்சியாகவே செய்துகொண்டிருந்தார். தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அம்சவல்லிக்கு எதிரே அவரும் குந்தி உட்கார்ந்து, இது புதிய முயற்சி, பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்று தமிழில் எடுத்துச் சொன்னார். அந்தப் பயணம் முழுவதிலும் அவளுடைய முகத்தைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

"உசுர மட்டும் காப்பாத்திக் குடுங்க டாக்டர், வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் அவள்.

பக்கிரிசாமி பிழைத்துக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து, மறுபடியும் காட்டுவதற்காகக் கோலாலம்பூருக்குப் போனபோது, டாக்டர்கள் நிறையப் பேர் கூடியிருந்த ஒரு மண்டபத்துக்கு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் தாங்கி அவரை நிற்க வைத்தார்கள். சாம்பசிவம் சொன்னதும் அவர் இடது கையைத் தூக்கினார். மண்டபமே கைதட்டியது. அம்சவல்லி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சாகக் கிடந்த புருசனைப் பார்த்துப் படித்தவர்கள் எல்லாம் கைதட்டுகிறார்களே என்று அழுதாளாம்.

கைதட்டல் அதோடு சரி; மற்றதெல்லாம் வீட்டில்.

வலது கையும் காலும் திரும்பவே இல்லை. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "வேணாம்." பசித்தாலும் வேணாம், குளிர்ந்தாலும் வேணாம். வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டே வேணாம் என்பார். தான் சொல்ல நினைத்தது இதுவல்ல என்று அவருக்கே தெரியும். சில சமயம் இடது கையால் தன் வாயில் அறைந்துகொள்வார். ஆலைக்காரர்கள் முதலில் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அவர் வாயைக் கேட்டுப் பழகியவர்களால் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஆலைக்குப் பக்கத்திலிருந்த வீட்டை ஆலைத் தொழிலாளிக்குத்தான் கொடுப்பார்கள். அம்சவல்லி மலையில் பறிக்கிறவள் என்பதால் கீழ் லயத்து வரிசை வீடு ஒன்றுக்கு மாற வேண்டியிருந்தது. வெயில் சரியாக எட்டாத, சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும் வீடு அது. அவள் வேலைக்குப் போனால்தான் அந்த வீடும் நிற்கும். அவரைத் தனியாக விட்டுப் போனால் நாற்காலியிலிருந்து சரிந்து விழுவார். சாரோங்கால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது கட்டியிருந்த இடத்தில் தோல் உரிந்திருந்தது. அவர் அழுது ஓய்ந்து போயிருந்தார். அடுத்த வாரம் நளினி பள்ளிக்கு வரவில்லை.

நான் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். அம்சவல்லி கணவரின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். நளினி அடுப்படியில் நின்றுகொண்டு நான் எப்போது போவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

அந்த வீட்டுக்குக் கை கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். அம்சவல்லியின் தம்பி காளியப்பன். திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே போகும் லோரியை ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, மாமாவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப்போய் வெந்நீரில் குளிப்பாட்டுவார். முகம் மழித்துவிடுவார். லோரியில் ஏற்றிப் பிரிஞ்சாங் வரை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவார். மாமா வேணாம் வேணாம் என்று சொல்லச் சொல்ல, "சரி மாமா, வேணாம்னா போலாம் லா" என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்புவார். அந்த ஒரு நாளில்தான் அம்சவல்லி முதுகை நிமிர்த்தி உட்காருவாள்.

தோட்டத்தில் மற்றவர்கள் அவளைக் கொடுத்து வைத்தவள் என்றார்கள். தாலி தங்கியது என்றார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவளைக் கூப்பிட்டு முன்வரிசையில் நிற்க வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவாள்.

இப்படி எட்டு வருடம் போனது. எண்பத்து மூன்றில் ஒரு சனிக்கிழமை, சாம்பல் நிறக் கார் ஒன்று பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் நரைத்த தலையோடு இருந்தார். பக்கிரிசாமி வீட்டுக்கு வழி கேட்டார். டாக்டர் சாம்பசிவம் என்று தெரிந்ததும் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

வழியில் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அறுவைச் சிகிச்சை இப்போது நன்றாகப் பேர் பெற்றுவிட்டது. தலைக்குள்ளே படம் எடுக்கும் இயந்திரமும் வந்துவிட்டது; இரத்தம் எங்கே நிற்கிறது என்று திறப்பதற்கு முன்பே தெரிகிறது. சாவு குறைந்திருக்கிறது. ஆனால் இதனால் பெரிய பயன் இல்லை என்று வெளிநாட்டு டாக்டர்கள் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அதனால், தான் பிழைக்க வைத்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகு அவர்களை யாரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பக்கிரிசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தெரிகிறதா என்று கேட்டார். "வேணாம்" என்றார் பக்கிரிசாமி. டாக்டரின் முகம் மாறியது.

"அத பெருசா எடுத்துக்காதீங்க டாக்டர். சோத்துக்கும் அதான் சொல்லுவாரு" என்றாள் அம்சவல்லி.

அவர் நிறையக் கேட்டார். தானாகச் சாப்பிடுகிறாரா, யார் குளிப்பாட்டுவது, வலிப்பு வருகிறதா, கோபப்படுகிறாரா. அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். நளினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது. காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தாள், அதுவும் தாய் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து. டாக்டர் அவளைப் பார்த்து என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசியில் அவர் நேராகவே கேட்டார். "அம்மா, ஒண்ணு கேக்குறேன். எனக்காக மறைக்க வேணாம். அந்த நாள் மறுபடியும் வந்தா, ஆபரேசன் பண்ணச் சொல்லுவீங்களா?"

அம்சவல்லி கணவரைப் பார்த்தாள். அவர் சன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அவருக்குக் காதில் விழாமல் இருக்கட்டும் என்பது மாதிரி அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க வெட்டாம விட்டிருந்தா ஒரு வருசம் அழுதிருப்பேன் டாக்டர். அப்பறம் எம்மவளப் படிக்க வச்சிருப்பேன்." டாக்டர் பக்கம் திரும்பி, "உங்களக் குத்தம் சொல்லல. உசுர மட்டும் குடுங்கன்னு நாந்தான் கேட்டேன். அத மட்டுந்தான் குடுத்தீங்க" என்றாள்.

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தார். காருக்குத் திரும்பும்போது, தன்னுடைய ஆராய்ச்சிக் கணக்கில் பக்கிரிசாமி ஒரு வெற்றி என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மறு வருடம் தமிழ்ப் பத்திரிகையில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. மூளையின் ஆழத்தில் இரத்தம் கசிந்தவர்களுக்குத் தலையைத் திறப்பதால் உயிர் தங்கினாலும் வாழ்க்கை திரும்புவதில்லை, இனி அதைச் சிலருக்கு மட்டுமே செய்யவேண்டும் என்று டாக்டர் சாம்பசிவம் ஒரு மாநாட்டில் பேசியிருந்தார். பத்து வருட உழைப்பைத் தானே குழி தோண்டிப் புதைக்கிறார் என்று அவரோடு வேலை செய்த டாக்டர்களே ஏசியதாகவும் போட்டிருந்தது. அம்சவல்லிக்குப் படித்துக் காட்டினேன். நல்ல மனிதர், சொன்னால் கேட்டுக்கொள்கிறார் என்றாள். அன்றைக்கு அவள் நடையில்கூட ஒரு தெம்பு இருந்தது. கூடக் கொழுந்து பறிக்கிற கூடைக்காரிகளிடம் தானே சொல்லிக்கொண்டாள்: டாக்டர் என்னிடம் வந்து கேட்டார், நான் சொன்னேன்.

எண்பத்தைந்து கடைசியில் காளியப்பன் விழுந்தார். திரிங்காப்பில் லோரிக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, மாமாவுக்கு வந்த அதே மாதிரி. நாற்பதுகூட ஆகவில்லை. மனைவி குணவதியும் அம்சவல்லியும் ஆம்புலன்ஸில் ஏறினார்கள். அதே மலை, அதே கோலாலம்பூர், அதே வார்டு. டாக்டர் சாம்பசிவம் அப்போது வெளிநாடு போயிருந்தார். படம் எடுத்துப் பார்த்த இளம் டாக்டர், ஆழத்தில் கசிந்திருக்கிறது, இப்படிப்பட்டதற்கு இப்போது தலையைத் திறப்பதில்லை, மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார். முன்னே திறந்தார்களே, என் நாத்தனார் வீட்டுக்காரருக்குத் திறந்தார்களே என்று குணவதி கெஞ்சினாள். அதற்கு அவர், பெரிய டாக்டரே வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் என்றார்.

அந்த வார முடிவுக்குள் காளியப்பன் இறந்துபோனார்.

காரியம் முடிந்த பிறகு ஒரு மாலை குணவதி கீழ் லயத்துக்கு வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். அவள் கத்தவில்லை. வாசற்படியில் நின்றபடியே, நாற்காலியில் இருந்த பக்கிரிசாமியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்களுக்காச்சும் உக்காந்திருக்காரு அண்ணி. எம் புள்ளைங்களுக்கும் அப்பான்னு காட்ட ஒரு ஆளு இருந்திருக்கும். வாய் பேசாட்டி என்ன. நான் தூக்கியிருப்பேன், நான் கழுவியிருப்பேன். நீங்க சலிச்சுப் போயி சொன்ன வார்த்தைக்கு எம் புருசன் போய்ட்டாரு."

அம்சவல்லி வாயைத் திறந்து என்னவோ சொல்லப் போனாள். குணவதி அதற்குள் திரும்பி நடந்துவிட்டாள். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

டாக்டர் ஊருக்குத் திரும்பியதும் தன்னை அவரிடம் கூட்டிப்போகச் சொல்லி அம்சவல்லி என்னிடம் பிடிவாதம் பிடித்தாள். பள்ளி விடுமுறையில் இருவரும் பஸ் பிடித்துப் போனோம். சாம்பசிவத்துக்கு விஷயம் தெரியாது. அவளைப் பார்த்ததும் மகிழ்ச்சியோடு எழுந்தவர், தம்பி இறந்ததைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். காளியப்பனின் தலைப் படத்தை வரவழைத்து வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தலையத் தொறந்திருந்தா என் தம்பி பொழச்சிருப்பானா?" என்று கேட்டாள்.

"பொழச்சிருக்கலாம். பொழச்சிருந்தா உங்க வீட்டுக்காரர் மாதிரிதான் இருந்திருப்பார். அதுகூட உறுதியாச் சொல்ல முடியாது. உண்மையா எனக்குத் தெரியலம்மா."

"தெரியாமத்தான் எங்கிட்ட வந்து கேட்டீங்களா?" என்றாள். "நான் மலையில கொழுந்து பறிக்கிறவ. எம் வீட்டுக் கஷ்டத்த, சூசாவச் சொன்னேன். ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்லச் சொல்லிக் கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியுமா?"

அவள் ஒருத்தி சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை, போன வீடுகளில் பெரும்பாலும் அதே துயரத்தைத்தான் பார்த்தேன், சொல்ல முடியாமல் அழுதவர்களும் உண்டு என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது உண்மைதான் என்று எனக்குப் பட்டது. அம்சவல்லியும் மறுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த வீட்டுலயெல்லாம் யாரு தம்பியும் சாவல இல்ல?" என்று மட்டும் கேட்டாள். அவர் படத்தை எடுத்து உறைக்குள் வைத்தார். வாசல் வரை எங்களோடு வந்தார்.

காளியப்பன் போன பிறகு ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாள் மாதிரி ஆகிவிட்டது. தாயும் மகளுமாகத் தூக்கிக் குளிப்பாட்டினார்கள். பக்கிரிசாமி லோரிச் சத்தம் கேட்டால் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். காளியப்பன் செத்துவிட்டான் என்று அவரிடம் பல தடவை சொன்னார்கள். புரிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

எண்பத்தெட்டில் சளி கட்டி, சில நாள் மூச்சுக்குத் திணறி, பக்கிரிசாமியும் இறந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் கேட்டபோது அம்சவல்லி வேண்டாம் என்றாள்; உடனே கொண்டுபோங்க என்றாள்; அப்புறம் மறுபடியும் வேண்டாம் என்றாள். வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள், இனிமேலாவது உனக்கு விடிவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அப்படி அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதின்மூன்று வருடம் யாருக்காக முதுகொடிந்தாளோ அவர் இல்லாத வீட்டில் அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குணவதி வந்தாள். பிணத்துக்கு மாலை போட்டுவிட்டு, நாத்தனாரைப் பார்க்காமலே போய்விட்டாள்.

அந்த வருடம் தோட்டத்தில் எல்லாருக்கும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. அம்சவல்லிக்கு மிகவும் அதிகம் என்று டிரெசர் மாத்திரை கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைத்துவிட்டாள். ஏன் போடவில்லை என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது நளினியும் உள்ளே வந்தாள். அவளுக்கும் சேர்த்துத்தான் அம்சவல்லி பதில் சொன்னாள்.

"எனக்கு அது வந்துச்சுன்னா எங்கயும் தூக்கிட்டுப் போவாத. வெட்டவும் வேணாம், மருந்தும் வேணாம். இப்படியே விட்டுரு."

நளினி காய்கறிக் கூடையைக் கீழே வைத்தாள். அவள் தாயிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை.

"நீ சொல்லிட்டுப் போய்ருவ. சும்மா விட்டேன்னு நாளைக்கு ஊரு யாரக் கேக்கும்? தூக்கிட்டுப் போனா, ஏண்டி போனன்னு நீ என்னைப் பாப்ப. எதுவா இருந்தாலும் என் தலையிலதான விடியும். ஒனக்கு விடிஞ்ச மாதிரி எனக்கும் விடியணுமா?"

அம்சவல்லி எழுந்துபோய் அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்தாள். தண்ணீர்கூட இல்லாமல் அதை விழுங்கினாள்.

மறு வருடம் எனக்கு ராவுப்புக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு போவதற்காகப் போனபோது அவள் மலையில் இருந்தாள். கையால் பறிப்பதை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டச் சொல்லியிருந்தார்கள். அவள் தோள் அதற்கு இணங்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டேன். போடாமல் இருக்க அந்தப் பிள்ளை விட்டால்தானே என்றாள். அதைச் சொல்லும்போதும் அவள் சிரிக்கவில்லை.